பங்குனி உத்திரத்துக்கு ஒரு வண்டி

வாங்க சார், வாங்க. வண்டி பாக்க வந்தவரு நீங்கதானே? தென்காசியிலருந்து ஒருத்தர் வருவாருன்னு வீட்டுக்காரி சொல்லிட்டுப் போனா. இப்படி நிழலுக்கு வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க, ஒரு கால் கொஞ்சம் ஆடும், இந்தப் பக்கமா சாஞ்சுக்கிட்டீங்கன்னா ஒண்ணும் செய்யாது. அவ இப்ப வீட்டுல இல்ல. ஞாயித்துக்கிழமதான், ஆனா இன்னைக்கு சொட்டு மருந்து குடுக்கிற நாளு. அவ கிராமத்து நர்சுலா. மதியத்துக்குள்ள வந்துருவா.

போகும்போது எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "வாரவருக்கு மோர் குடுங்க. வண்டியக் காட்டுங்க. சாவியக் குடுங்க. வாயத் தொறக்காதீங்க." மோர் இன்னா இருக்கு, குடிங்க, பெருங்காயம் போட்டது. வண்டி அன்னா நிக்கு, அந்தப் படுதாவுக்குள்ள. சாவி என் பையில பத்திரமா இருக்கு. கடைசியா ஒண்ணு சொன்னா பாருங்க, அதுதான் நம்மால முடியாது.

விளம்பரம் போட்டது நான் இல்ல சார், அவ. எனக்கே எப்படித் தெரியும்ங்கீங்க? தெரியாத நம்பர்லருந்து ஃபோன் வருது, "வண்டி இருக்கா, கடைசி விலை என்ன"ன்னு. நான் கரண்டு ஆபீஸ்ல கணக்கெடுக்கிறவன் சார், வீடு வீடாப் போயி மீட்டர் பாக்கிற உத்தியோகம். எனக்கு ஃபோன் வந்தா, பில்லு கூடிட்டுன்னு சண்டை போடத்தான் வரும். இது என்ன புதுசா இருக்குன்னு அடுக்களைக்குப் போயிக் கேட்டேன். தோசையத் திருப்பிக்கிட்டே, "ஆமா, நாந்தான் போட்டேன்"ங்கா. படத்தோட போட்டிருக்கா. என்னைய ஒரு வார்த்த கேக்கல. என் வண்டி சார்! சரி, பாதிக் காசு அவளுது. பாதிக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும். அத இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு.

படுதாவ எடுக்கேன், இருங்க, அவசரப்படாதீங்க. வண்டிய மட்டும் பாத்தா அதோட அருமை தெரியாது. எப்படி வாங்குனேன்னு கேட்டாத்தான் தெரியும்.

மொதல்ல காரு வேணும்னு கேட்டது அவதான், நான் இல்லேங்கல. அவளுக்கு மலையடிவாரத்து ஊருகள்ல வேலை. பஸ்ஸு மெயின் ரோட்டோட சரி. அதுக்குப் பொறவு மருந்துப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கணும். மூட்டு தேஞ்சு போச்சு, நடையக் குறைக்கணும், ஸ்கூட்டரெல்லாம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சின்னதா ஒரு காரு இருந்தா நானே ஓட்டிட்டுப் போயிட்டு வந்துருவேன்னு சொன்னா. சொன்னதோட விடல, டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி லைசென்சும் எடுத்துட்டா. முத தடவையே பாஸு. நான் மூணாவது தடவதான் பாஸானேன், எனக்கு வாய்ச்ச ஆபீசரு அப்படி.

"நீ சும்மா இரு ஆவுடை, வண்டி வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன். ஆவுடைச்செல்விங்கது முழுப்பேரு. ஒரு வருசம் பாத்தேன் சார். ஒரு ஷோரூம் விடல. ஷோரூம்ல ஒரு விலை சொல்லுதான். சரின்னு சொல்ல வாயத் தொறந்தா, அது இல்ல சார், ஆன்ரோடு விலை வேறன்னு இன்னொண்ணு சொல்லுதான். ஏம்மா, கார ரோட்டுல ஓட்டாம கொல்லையிலயா ஓட்டப் போறேன், ரோட்டு விலையவே மொதல்ல சொல்ல வேண்டியதானேன்னு ஒரு பிள்ளைகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு காப்பி குடுத்தா. எல்லா ஷோரூம்லயும் காப்பி குடுப்பாவ. அந்த ஒரு வருசம் ஞாயித்துக்கிழம காப்பி நான் வீட்டுல குடிச்சதே இல்ல.

நான் பாக்க ஆரம்பிக்கும்போது இருந்த பெட்ரோல் விலை வேற, பாத்து முடிக்கும்போது இருந்த விலை வேற. காரும் அப்படித்தான். இந்த மாசம் கண்ணு வச்ச காரு அடுத்த மாசம் கைக்கு எட்டாது. இறங்கட்டும், இறங்கட்டும்னு ஒதுங்கி நின்னேன். அது எங்க இறங்க? பாட்டரி காரு வாங்குங்க சார், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்னு ஒருத்தன் சொன்னான். நான் எந்த ஆபீஸ்ல வேல பாக்கேன்னு தெரியாம சொல்லிட்டான். கரண்ட நம்பாம வீட்டுல ரெண்டு அரிக்கேன் லைட்டு துடைச்சு வச்சிருக்கவன் நான். என்கிட்ட வந்து கரண்டுல ஓடுற காரான்னேன்.

ஆவுடை சாயங்காலம் வந்து கால நீட்டி உக்காந்து தைலம் தேய்ப்பா. "பாத்தாச்சா?"ன்னு மட்டும் கேப்பா. பாத்துக்கிட்டே இருக்கேன்ம்பேன்.

அப்பதான் சார் எனக்கு ஒரு யோசனை ஓடிச்சு. வண்டின்னா எந்த நாளைக்கு வாங்கணும்? தெனம் ஒரு ஆளு போறதுக்கா? அதுக்குத்தான் பஸ்ஸு இருக்கே. எந்த நாளைக்குக் குடும்பம் பூரா ஒண்ணா ஏறுமோ, அந்த நாளைக்குத்தானே வாங்கணும்? அதுதானே குடும்ப வண்டி? எங்களுக்கு அப்படி ஒரே நாளு, பங்குனி உத்திரம். உங்களுக்கும் குலசாமின்னு ஒரு சாஸ்தா இருப்பாருல்லா? எங்க சாஸ்தா மலையடிவாரத்துல காட்டுக்குள்ள இருக்காரு. சொந்தக்காரன் எந்த ஊர்ல கிடந்தாலும் அன்னைக்கு வந்து சேந்துரணும், பொங்க வைக்கணும். வருசா வருசம் வாடகை வேன் பிடிச்சுத்தான் போவோம். வாடகை வேன்ல போறது எனக்குப் பிடிக்காது சார். நான் மூத்தவன். எங்க அப்பா போன பொறவு எல்லாரையும் கூட்டிட்டுப் போற பொறுப்பு எனக்குல்லா இருக்கு. யாரோ ஒரு டிரைவரு ஹார்ன் அடிச்சு, ஏறுங்க ஏறுங்கன்னு எங்க குடும்பத்த விரட்டுனா, பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?

ஆமா, வீட்டுல நானும் ஆவுடையும் மட்டுந்தான் இருக்கோம். மக கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்கா. அதனால என்ன சார்? குடும்பம்னா வீட்டுக்குள்ள இருக்கிறது மட்டுமா?

அதனால ஒரு காரியம் செஞ்சேன். வேற எவனும் செஞ்சிருக்க மாட்டான். ஒரு நல்ல நாளாப் பாத்து, பழைய வண்டி விக்கிற யார்டுக்கு எங்க குடும்பத்தையே கூட்டிட்டுப் போயிட்டேன். வேட்டி எடுக்கப் போனாலே விரிச்சுப் பாக்கோம், வண்டிய உக்காந்து பாக்காமலா வாங்க? என் தம்பி திரவியம், அவன் பொண்டாட்டி பிள்ளைக. என் தங்கச்சி, அவ பிள்ளைக, அவ வீட்டுக்காரரு நயினார் மாப்ள. அப்புறம் எங்க உச்சிமாகாளி சித்தப்பா. சித்தப்பாவ நீங்க பாத்ததில்ல. பாத்தா மறக்க மாட்டீங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு எல போட்டாத்தான் பந்தியில வசதியா உக்காருவாவ.

உள்ள நுழைஞ்சதும் பாக்கேன், ஆவுடையக் காணும். எங்கன்னு தேடுனா, மூலையில ஒரு சின்னச் செவப்புக் காரு நிக்கு, அதுல டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கா. சும்மா உக்காந்திருக்கா சார். சீட்ட இழுத்து வச்சு, கண்ணாடியத் திருப்பி, ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு இருக்கா. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் போயி கதவத் தொறந்து, "இறங்குட்டி, சித்தப்பா உக்காந்து பாக்கட்டும்"ன்னேன்.

சித்தப்பா உக்காந்தாவ. காரு ஒரு பக்கமா சரிஞ்சிட்டு. உக்காந்தது கூடப் பெருசில்ல, இறங்குறதுதான் பெருசாப் போச்சு. யார்டுக்காரன் ஒரு கைய இழுக்கான், திரவியம் ஒரு கைய இழுக்கான், நயினார் மாப்ள மட்டும் தூர நின்னு, "மெதுவா, மெதுவா"ங்காரு. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். இது குடும்பத்துக்கு ஆகாது.

அதுக்கு அடுத்தாப்ல நின்னதுதான் இந்த மெரூன் வேன். டீசல். எட்டு சீட்டு. சின்னப் பிள்ளைகள மடியில வச்சா எல்லாரையும் அடைச்சிரலாம். நானே நின்னு ஒவ்வொருத்தரையா ஏத்துனேன். முன்னால சித்தப்பா. அவுகள வேற எங்கயும் வைக்க முடியாது. நடுவுல ஜன்னலோரம் நயினார் மாப்ள. மாப்பிள்ளை சார், ஜன்னலோரம் குடுக்கலேன்னா அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வர மாட்டாரு. அவருக்குப் பக்கத்துல தங்கச்சியும் அவ பிள்ளைகளும். பின்னால திரவியம் வகையறா. ஒரு இடம் வீணாகல, அளந்து தச்ச மாதிரி இருந்து. நான் டிரைவர் சீட்டுல உக்காந்து கண்ணாடியில பாத்தேன், எல்லா முகமும் தெரியுது. அந்தச் சந்தோசத்த எப்படிச் சொல்ல? எங்க அப்பா இருந்து பாக்கலையேன்னு இருந்து.

யார்டுக்காரன் கதவுகிட்ட வந்து, "அண்ணாச்சி, இந்த அம்மா எங்க உக்காருவாவ?"ன்னு கேட்டான். திரும்பிப் பாத்தா ஆவுடை கீழ நிக்கா. ஒரு பேச்சுக்குக் கேக்கான் பாருங்க! வீட்டு ஆளு சார் அவ, எங்கயாவது உக்காந்துக்கிட மாட்டாளா? வீட்டுல பிளாஸ்டிக் ஸ்டூலு கிடக்கு, அத நடுவுல போட்டாச் சரியாப் போகும்னேன். அவ ஒண்ணும் சொல்லல. அவளுக்கும் பிடிச்சுப் போச்சு போலன்னு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தவா? வேண்டாமா? சரி.

முத பங்குனி உத்திரத்துக்குக் கிளம்புனோம் பாருங்க. தெருவே பாத்துச்சு. வண்டியில போகணும்னா சில ஒழுங்கு இருக்குலா சார், அத ஏறும்போதே சொல்லிட்டேன். ஏசி போடக் கூடாது, டீசல் குடிக்கும். ஜன்னலத் தொறக்கவும் கூடாது, காத்து உள்ள புகுந்து வண்டியப் பின்னால இழுக்கும், அதுவும் டீசல்தான். பங்குனி வெயிலுதான், வேர்க்கத்தான் செய்யும். வேர்த்தா உடம்புக்கு நல்லதுதானே? இடையில இளநி குடிக்கணும், ஒண்ணுக்குப் போகணும்னு நிப்பாட்டச் சொல்லக் கூடாது. நின்ன வண்டிய மறுபடி எடுக்கதுக்குத்தான் ரொம்ப டீசல் செலவாகும். எல்லாத்தையும் தன்மையாத்தான் சொன்னேன். எல்லாரும் அமைதியா வந்தாவ. அவ்வளவு அமைதியா எங்க சொந்தக்காரங்க எங்கயும் போனதில்ல.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு ஏத்தம் வருது. வண்டி முக்குது. ஒரு ஆளு குறைஞ்சா லேசா ஏறிரும்னு எனக்குத் தோணிச்சு. யாரை இறங்கச் சொல்ல? சித்தப்பாவ இறக்குனா பாதிப் பாரம் போயிரும், ஆனா அவுகள மறுபடி ஏத்தணும். பிள்ளைகள இறக்கிப் பிரயோசனமில்ல. நயினார் மாப்ள நல்ல திடகாத்திரமான ஆளு, தெனம் காலையில வாக்கிங் போறவரு. "மாப்ள, நீங்க எப்படியும் நடக்கிற ஆளுதானே, இப்படி இறங்கிக் காலாற வாங்களேன், மேல போயி நிக்கேன்"ன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

தங்கச்சி மாப்பிள்ளை சார். கல்யாணப் பந்தியில அப்பளம் ஒடஞ்சு வந்துட்டுன்னு கை கழுவுன மனுசன். துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு இறங்கிட்டாரு. அவரு பின்னாலயே தங்கச்சி இறங்கிட்டா. அவ பிள்ளைக இறங்கிட்டு. மச்சானே நடக்காவ, நாங்க உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்னு திரவியம் குடும்பத்தோட இறங்கிட்டான். வண்டியில நானும் சித்தப்பாவும் மட்டுந்தான். சித்தப்பா நல்ல தூக்கம். ஆனா பாருங்க சார், வண்டி என்னமா ஏறுச்சுங்கீங்க! ஜம்முன்னு ஏறிட்டு!

மேல போயி நிப்பாட்டித் திரும்பிப் பாக்கேன். வேகாத வெயில்ல வரிசையா வாராவ. எல்லாருக்கும் கடைசியில ஆவுடை, முட்டியப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வாரா. அவ ஏன் இறங்குனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவள நான் இறங்கச் சொல்லவேயில்ல.

அன்னைக்குத் திரும்பும்போது நயினார் மாப்ள பஸ்ஸுல போயிட்டாரு. கையப் பிடிச்சுக் கெஞ்சிப் பாத்தேன். ம்ஹூம். அடுத்த மாசமே கடன வாங்கி ஒரு காரு எடுத்துட்டாரு சார், புதுக் காரு, விக்கிற விலையில! மச்சானே எடுத்துட்டாவன்னு திரவியமும் ஒண்ணு எடுத்துட்டான். நான் வண்டி வாங்குறதுக்கு முன்னால எங்க குடும்பத்துல எவங்கிட்டயும் காரு கிடையாது. இப்ப வீட்டுக்கு ஒண்ணு நிக்கு. இந்த முன்னேத்தம் யாரால வந்துச்சு? ஒருத்தராவது அத வாயத் தொறந்து சொல்லணுமே!

போன வருசம் உத்திரத்துக்கு அவனவன் அவனவன் காருல வந்துட்டான். சித்தப்பா கூட மாப்ள காருல, ஏசி போட்டு. "அக்கா, நீங்க எங்ககூட வாங்க, கால நீட்டி உக்காரலாம்"னு திரவியம் பொண்டாட்டி கூப்பிட்டா, ஆவுடை அதுல ஏறிக்கிட்டா. எனக்கு என்ன மிச்சம்? பொங்கப் பானை, அண்டா, விறகுக்கட்டு, வாழையிலக்கட்டு. சாஸ்தாவுக்குக் காவல் நிக்கிற மாடனுக்கு நேந்துவிட்ட சேவலு முன்சீட்டுல. அப்படி ஒரு பாரத்த அவுக காருல ஏத்த முடியுமா? சீட்டு அழுக்காயிரும்லா. என் வண்டி இல்லேன்னா அந்த வருசம் பொங்கலே கிடையாது சார், சத்தியமா. ஆனா வழி நெடுக அண்டா உருளுற சத்தமும் சேவலும்தான். கண்ணாடியில பாத்தா பானைதான் தெரிஞ்சுது. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்து. சேவலுகிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிட்டே போனேன்.

அதுக்குப் பொறவு ஒரு நாள் ஆவுடை கேட்டா. "வண்டி சும்மாதானே நிக்கு, நான் வேலைக்கு ஓட்டிட்டுப் போறேனே"ன்னு. அவ போற ஊருக்கெல்லாம் குறுகலான ரோடு, இது எட்டு சீட்டு வண்டி, எங்க திருப்ப? ஒரு ஆளுக்காக எட்டு சீட்ட இழுத்துக்கிட்டுப் போனா டீசல் என்னத்துக்கு ஆகும்? நல்லா யோசிச்சுத்தான் வேண்டாம்னேன். சனிக்கிழம சனிக்கிழம நான் ஸ்டார்ட் பண்ணி தெருமுனை வரைக்கும் கொண்டு போயிக் கொண்டு வருவேன், பாட்டரிக்காக. அவ முனையில பஸ்ஸுக்கு நிப்பா, பெட்டியோட. "அப்படியே கொண்டு விட்டுருங்களேன்"ம்பா. எஞ்சின் சூடாகாம பாரம் ஏத்தக் கூடாது ஆவுடைன்னு சொல்லிட்டுத் திரும்பிருவேன். டீசல் இன்னும் ஏறுனதுலருந்து அதையும் நிப்பாட்டிட்டேன்.

இப்ப வித்துட்டு, பழசா ஒரு சின்னக் காரு பாத்து வச்சிருக்காளாம். நீங்க எடுத்தாத்தான் அவ அத எடுக்க முடியும். அதுக்குத்தான் இவ்வளவு வேகம். நான் என்ன சொல்லுதேன்னா, இந்த வருச உத்திரத்துக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கு. மாப்ளையும் மனசு மாறலாம். பெட்ரோல் விக்கிற விலைக்கு எல்லாரும் ஒரே வண்டியில போவோம்னு அவுகளே கேக்கலாம்லா? அன்னைக்கு வண்டி இல்லேன்னா நான் என்ன மூத்தவன்? உங்க வீட்டுல எத்தன பேரு சார்? நாலா? நாலு பேருக்கு இது வீணு சார். நீங்க உத்திரம் கழிச்சு வாங்களேன்.

என்னது, இப்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டணுமா? சரி, அவ சாவியக் குடுன்னு சொல்லிட்டாளே. படுதாவப் பிடிங்க. ஆங், அப்படித்தான். பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல. ஏறி உக்காந்துட்டேன். இன்னா பாருங்க.

டொக்குன்னுதா? இருங்க, இன்னொரு தடவ. புது ஆளப் பாத்து வெக்கப்படுது. பாட்டரிதான் சார், வேற ஒண்ணுமில்ல. ஒரு கை தள்ளுனா ஓடிரும். ஏ, டேனியல் சாரே! எதிர்த்த வீட்டுக்காரரு சார், நல்ல மனுசன். சாரே, ஒரு கை பிடிங்க, கூட ஆளு இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. நீங்களும் பின்னால வாங்க சார், சட்டக் கைய மடக்கிக்கிடுங்க. நான் ஸ்டீயரிங்கப் பாத்துக்கிடுதேன்.

தள்ளுங்க. தள்ளுங்க. வருது, வருது... இல்ல. கனமா இருக்கா? எட்டு சீட்டுலா, கனமாத்தான் இருக்கும். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவ தள்ளுங்க, சாரே. ஆ! இந்தத் தடவ நல்லா நகருதே. ஆளு கூடியாச்சா? யாரது, கண்ணாடியில சேலை தெரியுது?

ஆவுடையா? ஏட்டி! நீ எப்ப வந்த? நீ எதுக்குத் தள்ளுத? பெட்டிய ரோட்டுல வச்சிட்டு, அந்த முட்டிய வச்சுக்கிட்டு... நிப்பாட்டுங்க சார். போதும், தள்ளாதீங்க. யாரும் தள்ளாதீங்க. காலையிலருந்து வெயில்ல நடந்துட்டு வந்து நிக்கா, நான் குத்துக்கல்லு மாதிரி இதுக்குள்ள உக்காந்திருக்கேன், அவ தள்ளுதா. எனக்கு வெக்கமா இருக்கு சார், உங்க முகத்தப் பாக்க.

என்னட்டி? இறங்கவா? நான் இறங்கிட்டா ஸ்டீயரிங்க யாரு பிடிக்க? நீயா? ஸ்டீயரிங்கு கனமா... இறங்குதேன், இறங்குதேன், கதவ விடு. சாவி அதுலதான் இருக்கு. பாத்துட்டி.

பாருங்க சார், ஏறுனதும் சீட்ட முன்னால இழுக்கா. கண்ணாடியத் திருப்புதா. தள்ளணுமா? நானா? சரி, சொல்லிட்டாள்லா, வாங்க, நானும் பிடிக்கேன். ஏலே அய்யா! இவ்வளவு கனமா சார் இது? உள்ளயே உக்காந்திருந்ததுல எனக்குத் தெரியல. சாரே, இன்னும் கொஞ்சம், இன்னும்... பிடிச்சிட்டு! பிடிச்சிட்டு சார், ஓடுது! முத தள்ளுலயே பிடிச்சுட்டாளே!

ஏ ஆவுடை, போதும், நிப்பாட்டு! முனையில திருப்பிக் கொண்டாந்துரு! நிப்பாட்ட மாட்டேங்காளே சார். பஸ் ஸ்டாப்பத் தாண்டிட்டா. ஜன்னலெல்லாம் தொறந்து கிடக்கு. ரெண்டாவது கியர்லயே போறா, சத்தத்தக் கேளுங்க, எம்மா, டீசல் தண்ணியால்லா ஓடும்! மூணாவது போடுட்டி! மூணாவது!

எங்க, காதுல விழாது. மலை ரோட்டுல ஏறிட்டா.

போகட்டும் சார். எரியுறது எரியட்டும். அந்தப் பெட்டிய இப்படி எடுங்க, வெயில்ல கிடக்கு, நிழல்ல வைப்போம். கை கழுவிட்டு உக்காருங்க, இன்னும் மோர் இருக்கு. நீங்களும் வாங்க சாரே.

விலையா? விக்கிறதா இல்லையாங்கதக்கூட இனி எங்கிட்டக் கேக்காதீங்க சார். அவ திரும்பி வரட்டும், அவகிட்டக் கேளுங்க. எனக்கும் அவகிட்ட ஒண்ணு கேக்கணும், என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போவாளான்னு.